மெஷினடிக்குப் போய் வருவதற்குள் பூட்டிக்கொள்ளும் லாப்டொப்

கேள்வி: புதுக்குடியிருப்பில் போட்டோக்கொப்பி, தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 லாப்டொப். பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொப்பி எடுக்க மெஷினடிக்குப் போய்த் திரும்பினால் பாஸ்வேர்ட் கேட்டபடி நிற்கிறது. சில நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. சில நாள் மத்தியானத்துக்குள் ஐந்தாறு தடவை. ஸ்கிரீன், ஸ்லீப் இரண்டையும் 'நெவர்' என்று மாற்றியும் சரிவரவில்லை. வேறு எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது: 'சில நாள்'. செற்றிங் பிழை என்றால் தினமும் ஒரே மாதிரித்தான் பூட்டும். ஒரு நாள் பூட்டி ஒரு நாள் பூட்டாமல் விட்டால், கம்பியூட்டருக்கு வெளியே ஏதோ மாறுகிறது என்று அர்த்தம். கடையில் அப்படி மாறக்கூடியவை மூன்று: கரண்ட், போன், கீபோர்ட்.

கரண்டிலிருந்து தொடங்குவோம். அந்த 'நெவர்' எந்த வரியில் இருக்கிறது என்று திரும்பப் பாருங்கள். செற்றிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் அன்ட் பற்றரி. அங்கே சார்ஜரில் இருக்கும்போது ஒரு கணக்கு, பற்றரியில் ஓடும்போது வேறொரு கணக்கு. பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுவார்கள். பற்றரிக் கணக்கு பழையபடி மூன்றோ ஐந்தோ நிமிடத்தில் நிற்கும். கரண்ட் போனால் உங்களுக்கே தெரியும். ஆனால் லாப்டொப், கொப்பி மெஷின், ஃபான் எல்லாம் ஒரே மல்ரிபிளக்கில் தொங்கி, பிளக் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தால், லாப்டொப் சத்தமில்லாமல் பற்றரிக்கு மாறிவிடும். கொப்பி மெஷின் சூடாகும்போது லைட் மங்குவதைப் பார்த்து வோல்ற்றேஜைக் குற்றம் சொல்லாதீர்கள். லாப்டொப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும். பிளக்கைத்தான் பாருங்கள். சார்ஜர் வயரை மெதுவாக ஆட்டிக்கொண்டு, திரையின் வலது மூலையில் உள்ள பற்றரி அடையாளத்தைக் கவனியுங்கள். சார்ஜ் குறி வந்து வந்து போனால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

அடுத்தது போன். விண்டோஸில் டைனமிக் லொக் என்று ஒன்று இருக்கிறது. போனை புளூடூத்தில் லாப்டொப்போடு சேர்த்து இதை இயக்கிவிட்டால், நீங்கள் போனோடு தூரம் போன ஒரு நிமிடத்துக்குள் அதுவே பூட்டிவிடும். தூரம் என்பது புளூடூத் சிக்னலை வைத்துத்தான். நடுவில் சுவரோ இரும்பு அலுமாரியோ இருந்தால் பத்தடியே அதற்கு ஊர் தாண்டியது போலத்தான். போனை மேசையில் விட்டுப் போன நாளில் பூட்டாது, கையோடு கொண்டுபோன நாளில் பூட்டும். செற்றிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஒப்ஷன்ஸ் போய் டைனமிக் லொக்கில் சரிக்குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். நான் வைக்கவே இல்லையே என்பீர்கள். லாப்டொப்பை செற்றப் பண்ணித் தந்த தம்பி வைத்திருக்கலாம்.

மூன்றாவது எனக்குப் பிடித்த கதை. கிளிநொச்சியில் என்னிடம் திருத்த வந்த ஒரு தட்டச்சுக்கார அக்கா, 'தமிழ் அடிக்கும்போதுதான் தம்பி பூட்டுது, இங்கிலீஷில் அவ்வளவு இல்லை' என்றார். எழுத்துருவில் வைரஸோ என்றுகூட யாரோ சொல்லியிருந்தார்கள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், நம்முடைய செம்புழுதி ஒரு பிடி கொட்டியது. கண்ட்ரோலுக்குப் பக்கத்தில் உள்ள விண்டோஸ் கீ அமுங்கினால் சிலவேளை மேலே வராமல் நின்றது. விண்டோஸ் கீயோடு எல் கீ சேர்ந்தால் திரை பூட்டும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அக்கா அடிக்கும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் எல் கீ என்ன எழுத்து? 'ட'. அக்கா நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது வீட்டுத்திட்டக் கடிதங்கள்! 'வீட்டுத்திட்ட' என்ற அந்த ஒரு சொல்லிலேயே அந்தக் கீ நான்கு தடவை வருகிறது. அடிக்கும்போது 'ரன்' (Run) என்ற சிறு பெட்டி தானாகத் திறக்கிறதா, டெஸ்க்டொப் திடீரென்று தெரிகிறதா? அப்படியானால் உங்களுக்கும் இதே வியாதிதான். கடையில் சும்மா கிடக்கும் வேறொரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகி ஒரு நாள் அடித்துப் பாருங்கள். லாப்டொப்பின் சொந்தக் கீயே இறுகியிருந்தால் வெளிக் கீபோர்ட் மட்டும் போதாது, கீயைக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும்.

இவை மூன்றும் இல்லையென்றால் ஸ்கிரீன் சேவரைப் பாருங்கள். வெறும் கறுப்பாக இருக்கும் 'பிளாங்க்' என்ற சேவர் திரை அணைந்தது போலவே தெரியும், அதனடியில் திரும்பும்போது லொகின் கேட்கச் சொல்லும் சரிக்குறி ஒன்று இருக்கும். அலுவலகமோ பாடசாலையோ தந்த கணக்கை லாப்டொப்பில் சேர்த்திருந்தால், பூட்டும் நேரத்தை அந்த இடம் விதித்திருக்கலாம். அதை நீங்கள் மாற்ற முடியாது, கணக்கைக் கழற்றுவது ஒரு வழி.

ஊகிக்க விருப்பமில்லையா? லாப்டொப்பில் நடந்ததை நேரத்தோடு குறித்துவைக்கும் இவென்ற் வியூவரை (Event Viewer) ஸ்டார்ட்டில் தேடித் திறந்து, விண்டோஸ் லொக்ஸ் (Windows Logs) என்ற பதிவுகளுக்குள் சிஸ்டத்தைப் பாருங்கள். பூட்டிய நேரத்தோடு கேர்னல்-பவர் என்ற பெயரில் 42 அல்லது 506 என்ற இலக்கம் இருந்தால் லாப்டொப் தூங்கப் போயிருக்கிறது. கரண்டையும் பவர் செற்றிங்கையும் தேடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் தூங்காமல் பூட்டியிருக்கிறது. போன், கீபோர்ட், ஸ்கிரீன் சேவர்.

மவுஸைத் தானாக ஆட்டும் மென்பொருட்களை இணையத்தில் இறக்காதீர்கள். நீண்ட ஸ்கானுக்கு லாப்டொப் விழித்திருக்க வேண்டுமானால் மைக்ரோசொஃப்ட்டின் இலவச பவர்ரோய்ஸில் அவேக் என்ற கருவி உண்டு. அது தூக்கத்தைத்தான் நிறுத்தும், டைனமிக் லொக்கை நிறுத்தாது.

ஒன்று மட்டும்: சைன்-இன் ஒப்ஷன்ஸில் 'விலகியிருந்தால் எப்போது திரும்பக் கேட்பது' என்ற வரியை 'நெவர்' ஆக்கிவிடாதீர்கள். உங்கள் டெஸ்க்டொப்பில் ஊராரின் அடையாள அட்டையும் காணி உறுதியும் கிடக்கின்றன. திரை அணைய பதினைந்து நிமிடம் வையுங்கள், சாப்பிடப் போகும்போது விண்டோஸ் கீயையும் எல் கீயையும் நீங்களே அமுக்கிவிட்டுப் போங்கள். முதலில் அந்த மல்ரிபிளக்கைப் பாருங்கள், எனக்கு அதில்தான் சந்தேகம்.