பழைய வீட்டில் மாதந்தோறும் கழிவுநீர்க் குழாய் அடைக்கிறது. ஆசிட் ஊற்றினால் தீருமா, தரையைத் தோண்டத்தான் வேண்டுமா?

ஆசிட்டைக் கையால் தொடாதீர்கள். வீடு முழுவதையும் தோண்டவும் சம்மதிக்காதீர்கள். முதலில் குழாய் எத்தனையாவது அடியில் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு செலவு வெகுவாகக் குறையும்.

வீட்டுக்கு அறுபது வயது, மூன்று மாதமாக அடைப்பு, இரண்டு முறை ஆசிட் ஊற்றியாகிவிட்டது, புறவாசல் வேப்பமரத்தையும் வெட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தார்சா என்கிற முன்திண்ணை, பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, பாத்திரம் கழுவும் அங்கணம், புறவாசல் என்று ரயில்பெட்டி போல நீண்டு கிடக்கும் வீடு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்.

எங்கள் ஆச்சி காலத்தில் அங்கணக்குழியிலிருந்து வெளியே போனது பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும்தான். வடித்த கஞ்சியும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். தண்ணீர் திறந்த வாறுகாலில் ஓடித் தெருவுக்குப் போகும், காலையில் விளக்குமாற்றால் தள்ளிவிடுவார்கள். பிறகு மாடு போனது. கக்கூஸ் வீட்டுக்குள் வந்தது. வாறுகாலை மூடிக் குழாய் பதித்தார்கள். இன்று கஞ்சி, சொதி வைத்த பாத்திரத்தின் தேங்காய்ப்பால் கொழுப்பு, எண்ணெய், தலைமுடி, வாஷிங் மெஷின் தள்ளும் துணிப்பிசிறு எல்லாமே அந்த ஒரே குழாய்க்குள் போகின்றன. வேறொரு வாழ்க்கைக்காகப் போட்ட குழாய் அது. அது திணறுவதில் வியப்பில்லை.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய்தான் போடுவார்கள். சுட்ட களிமண், மேலே பழுப்பு நிற மெருகு. குழாய் நூறு வருடம்கூடத் தாங்கும். ஆனால் இரண்டு, மூன்று அடித் துண்டுகளாக வரும். ஒவ்வொரு இணைப்பிலும் சணல் திணித்து சிமெண்ட் பூசியிருப்பார்கள். நாற்பதடி வீட்டில் பதினைந்து, இருபது இணைப்பு. கெடுவது இணைப்புதான். சிமெண்ட் விரிகிறது, ஈரம் கசிகிறது, அந்த ஈரத்தைத் தேடி வேர் வருகிறது. மயிரிழை போல உள்ளே நுழைந்து, ஊட்டமான தண்ணீரைக் குடித்துக் குதிரைவால் போலத் தடித்துவிடும். அதில் தலைமுடி சிக்கும், முடியில் கொழுப்பு ஒட்டும். அடைப்பு என்று நாம் பார்ப்பது அதன் கடைசிக் கட்டத்தைத்தான்.

இப்போது ஆசிட் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மெருகு பூசிய குழாயை அது ஒன்றும் செய்யாது. வேரையும் கரைக்காது. இணைப்பில் இருக்கும் சிமெண்டைத்தான் அரிக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கி, வேர் நுழையும் வாசலை அகலமாக்குகிறீர்கள். மீதி ஆசிட் செப்டிக் டேங்குக்குப் போய், கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்கிறது. ஆசிட் ஊற்றிய இடத்தில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி கடினமில்லை. தண்ணீர் ஒரு துவாரத்தில் மட்டும் நிற்கிறதா, எல்லாத் துவாரத்திலும் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுக்களைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்றால் கோளாறு அந்தக் கிளையில். கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் துவாரம் களக் களக் என்று சத்தம் போட்டால் பெரிய குழாயில். பிறகு வீட்டை ஒட்டிய முதல் சேம்பரை, அதாவது குழாயைப் பார்க்க வைத்த மூடி போட்ட தொட்டியை, திறந்து பாருங்கள். அது நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. காய்ந்து கிடந்தால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில். எல்லாச் சேம்பரும் நிரம்பி நின்றால், குழாயை விட்டுவிட்டு செப்டிக் டேங்கைப் பாருங்கள். பல வீடுகளில் சேம்பர் மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அப்படியானால் முதல் வேலை அதை வெளியே எடுப்பது.

எங்களுக்கு உதவியது ஒரு சாக்குக்கட்டி. அடைப்பு எடுக்க வந்தவர் கம்பியை விட்டபோது, அது முட்டி நின்ற இடத்தில் கம்பியின் மேல் அம்மா கோடு போட்டார். பதினேழு அடி. அடுத்த மாதமும் பதினேழு அடி. மூன்றாம் முறை யாருக்கும் சந்தேகம் இல்லை. பக்கத்து வீட்டு முருங்கைக்கு நேர் கீழே, புறவாசலில், நான்கடி நீளம் மட்டும் தோண்டினோம். இரண்டு இணைப்புகள் விட்டுப்போய், ஒரு துண்டு இறங்கி, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதே அடிக்கணக்கில் திரும்பத் திரும்ப அடைத்தால் அங்கே குழாய் கெட்டுவிட்டது என்று பொருள். எத்தனை முறை கம்பி விட்டாலும் அது தீராது.

எங்கள் கிணறு அந்த இடத்திலிருந்து பத்தடி தூரம். ஒரு வருடமாகத் தண்ணீரில் லேசாக ஒரு வாடை இருந்தது. கோடைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் வீட்டில் கிணறோ போரோ இருந்தால் இன்றே குடிப்பதை நிறுத்தித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். குழாய்க் கசிவின் உண்மையான கேடு அடைப்பு இல்லை, இதுதான்.

புதிதாகப் போடும்போது கக்கூஸ் குழாய்க்கு நான்கு அங்குல பிவிசி போதும். நாற்பதடிக்கு ஓரடி சரிவு கொடுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணளவை நம்பாதீர்கள். குழாயின் அடியில் மணல் படுக்கை வேண்டும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணில் இதை விட்டுவிடவே கூடாது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது, குழாயை ஆட்டி எடுத்துவிடும். ரப்பர் வளையம் உள்ள இணைப்பு அங்கே நல்லது. குழாய் திரும்பும் இடமெல்லாம் ஒரு சேம்பர் வைக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடி மழைத்தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில், சேர்த்து விட்ட வீடுகளில் கக்கூஸ் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறியதைப் பார்த்தேன். மண்ணே ஊறிக்கிடக்கும்போது, டேங்கின் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறைகிணறு எதையும் உறிஞ்சாது. அந்த நாட்களில் டேங்கைக் காலி செய்தாலும் மறுபடி நிரம்பிவிடும்.

செப்டிக் டேங்கை மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணுக்குப் பேசினால் உரிமம் பெற்ற வண்டி வரும். கழிவை எங்கே கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். ஓடையில் கொட்டினால் அது தாமிரபரணிக்குத்தான் வந்து சேரும், அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை டேங்குக்குள் இறக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒப்பந்தக்காரர் ஒரு பையனைக் கூட்டிவந்து, 'அரை மணி நேர வேலைதான், மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தானே இறங்குகிறான்' என்றார். அம்மா வாசலை மறித்து நின்று இருவரையும் திருப்பி அனுப்பினார். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்வையே அடித்துவிடும், நாற்றம் நின்றுவிட்டதென்று நம்பி மேலும் இறங்குவார்கள். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை கூடியதே தவிர, போன உயிர் ஒன்றும் திரும்பவில்லை. கூலி குறைவு என்று யார் சொன்னாலும் அம்மாவைப் போல மறித்து நில்லுங்கள்.

வேப்பமரத்தை வெட்ட வேண்டாம். கசிவு இல்லாத குழாய்க்குள் வேர் போகாது. மரத்தின் கீழே இணைப்பு எதுவும் வராமல் முழு நீளக் குழாயாக, இருபதடியும் ஒரே துண்டாகப் போடச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு முருங்கை இன்னும் நிற்கிறது. அந்த வீட்டு மதினி வாரம் தவறாமல் சுவருக்கு மேலே காய் நீட்டுகிறார். குழாய் போட்டு நான்கு வருடமாகிறது, கம்பி விட ஒருமுறைகூட ஆள் கூப்பிடவில்லை.