தக்கை ஆடுகிறது, கெண்டை மாட்டவில்லை

கேள்வி: வீட்டருகே வாய்க்காலில் மண்புழு கோத்துத் தூண்டில் போடுகிறேன். தக்கை துடிக்கிறது, இழுத்தால் வெறும் முள்தான் வருகிறது. 10ஆம் நம்பர் முள், 0.30 மி.மீ. நரம்பு (தூண்டில் நைலான் இழை). எங்கே தவறு?

பதில்: இரையைக் கொறிப்பது பெரும்பாலும் விரல் நீளக் கெண்டைப்பொடிதான். அதன் வாயில் ஓர் உளுந்து நுழைவதே பெரிது. உங்கள் முள் உள்ளே போகாததால், தொங்கும் புழுவின் வாலைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போகிறது. முள்ளின் நம்பர் கூடக்கூட அளவு சிறுக்கும். 16 அல்லது 18 வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் மாறும் என்பதால் நேரில் பார்த்து, வளைவின் அகலம் 3 மி.மீ. அளவில் இருப்பதை எடுங்கள். நரம்பு 0.16 போதும், முள்ளோடு சேரும் கடைசி ஒரு சாணுக்கு 0.12. தடித்த நரம்பு விறைப்பாக நிற்கும். மீன் இரையை உறிஞ்சும்போது கூடவே வளைந்து போகாது.

ஆனால் பாதிக் கோளாறு தக்கையில் இருக்கிறது. தெர்மாகோல் துண்டை முக்குவதற்குக் கெண்டைக்கு வலு கிடையாது. இழுவை தெரிந்ததும் துப்பிவிடும். உதிர்ந்த மயிலிறகின் தண்டில் நாலு விரல்கடை வெட்டி, அடிமுனையை மட்டும் நரம்பில் கட்டுங்கள். வாளித் தண்ணீரில் விட்டு, ஓர் அரிசி நீளம் மட்டும் வெளியே தெரியும்வரை நரம்பில் ஈயக் குண்டு சேருங்கள். ஈயத்தில் பெரும்பகுதி நரம்பின் நடுவில் இருக்கட்டும்; ஒரே ஒரு பொடி ஈயம் முள்ளுக்கு மூன்று அங்குலம் மேலே. இரை தரையைத் தொடும்படி ஆழம் வையுங்கள். கெண்டை இரையோடு தலை நிமிரும்போது பொடி ஈயத்தின் பாரம் குறையும். தக்கை முங்காமல் மேலே எழும். அதுவும் கடிதான்! முங்கட்டும் என்று காத்திருந்தால் போச்சு. அந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். கையோடு இழுத்தால் உதடு கிழியும்.

புழுவைவிடக் கோதுமை மாவு மேல். கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி 20 நிமிடம் வைத்தால் இழுவை வரும். பாதி மிளகு அளவு போதும். முள்முனை லேசாக வெளியே தெரியட்டும். மீன் கூடுவதற்குத் தவிட்டை ஈரமாக்கி, எலுமிச்சை அளவு உருண்டையாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று தக்கை அருகே தண்ணீரில் போடுங்கள். அதிகமானால் வயிறு நிறைந்து இரையை மோந்து பார்க்காது.

ஏரி, கண்மாய் என்றால் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமையை ஒருவருக்கு ஏலம் விட்டது) இருக்கலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள். புழுவுக்குக் கெளுத்தியும் வரும். அதன் பக்க முள்ளையும் முதுகு முள்ளையும் தவிர்த்துப் பிடியுங்கள். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், கடுப்பு தணியும்.