ஐசியூல இருக்க பிள்ளைக்கு கார்ட்டிசால் கம்மின்னு சொல்றாங்க, அப்படின்னா என்ன?

தக்கலைல இருந்து கேட்ட அக்கா, தங்கச்சி மவனுக்கு செப்சிஸ் (கிருமி தொத்தால உடம்பு உறுப்பெல்லாம் பாதிக்கிறது), பிபி ஏற மாட்டேங்குது, கார்ட்டிசால் கம்மின்னு ஸ்டீராய்டு போடுறாங்க, பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. நான் நாகர்கோவில்ல குழந்தைங்க ஐசியூல நர்ஸா இருந்தவ.

கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்க அட்ரினல் சுரப்பிதான் கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன சுரக்குது, பெரிய சீக்கு வந்தா அது நல்லா ஏறணும், பிபி நிக்க, சுகர் விழாம இருக்க எல்லாத்துக்கும் அது வேணும், ஆனா செப்சிஸ் முத்துனா மூளைல இருந்து வர்ற சிக்னலும் மந்தமாகலாம் சுரப்பியும் தளந்திரலாம், அப்ப பம்ப்ல பிபி ஏத்துற அட்ரினலின் மருந்து ஓடிட்டே இருந்தாலும் மானிட்டர்ல பிபி நம்பர் அசையாது.

ரிப்போர்ட்ட மட்டும் பாத்து பதறாதீங்க. கார்ட்டிசால் பெரும்பாலும் புரோட்டீன்ல ஒட்டிக்கிட்டுதான் ஓடும், சீக்குல புரோட்டீன் குறைஞ்சா மொத்த அளவும் கம்மியா காட்டும், வேலை செய்யுற பங்கு சரியாவே இருக்கலாம். எதுக்கு கீழ போனா கம்மின்னு டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. 2020ல வந்த குழந்தைங்க செப்சிஸ் வழிகாட்டுதல்படி சலைன், பிபி மருந்துல தேறிட்டா ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கிற அந்த ஸ்டீராய்டு வேண்டாம், தேறலைன்னா போடவும் செய்யலாம் விடவும் செய்யலாம். அத போட்டா சுகர் ஏறும், அத பாத்துக்கிடுவாங்க.

பிள்ளை முன்னாடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டான்னு டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்க, நாளா சாப்பிட்டிருந்தா சுரப்பி சோம்பிப் போயிருக்கலாம், டக்குன்னு நிறுத்துனா கார்ட்டிசால் பத்தாம போயிரும். நெஃப்ரோட்டிக் (சிறுநீர்ல புரோட்டீன் போற கிட்னி சீக்கு) இருந்து ஸ்டீராய்டு சாப்பிட்ட ஒரு பிள்ளைக்கு மூஞ்சி ஊதுதுன்னு அம்மையே மாத்திரைய டக்குன்னு நிறுத்திட்டா, வாந்தியோட தூக்கிட்டு வந்தப்ப கையெல்லாம் சில்லுன்னு இருந்திச்சு. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, சாயங்காலம் கண்ண தொறந்து தண்ணி கேட்டான்.