பாத்திரம் கழுவும் ரொக் இசைக்காரர்கள்: ஹட்டன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சேர்ச் மண்டபத்தில் ஒரு ரொக் பேண்ட் பையன்கள் ஞாயிறுதோறும் இல்லாதவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள், உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள், இது உண்மையான உதவியா விளம்பரமா, போனால் வீசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் லீவுக்குத் தலவாக்கலை வந்திருக்கிறேன். அம்மா இருக்கும் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், வெளியே விடாத மழை.

போங்கள். வீசா விசயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டப்படிப்பு மாணவர் வீசா என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ஒப்பந்தம் போட்டு, குறித்த நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்ற மாதிரி வேலை என்றால் சம்பளம் இல்லாவிட்டாலும் அந்த 20க்குள் சேர்த்துவிடுவார்கள். மனமிருந்தால் வந்து கைகொடுக்கிற தொண்டு வேலை அதில் சேராது. எதற்கும் உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, விளம்பரமா என்ற சந்தேகம். எனக்கும் இருந்தது. கூரைத்தகரம் கொடுக்க வருகிறவர்களோடு கேமராவும் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், சந்தேகம் வராவிட்டால்தான் அதிசயம். நான் வந்த இரண்டாவது வருசம் இப்படித்தான் ஒரு இடத்துக்குப் போனேன். முந்தின இரவு மேடையில் டிரம்ஸ் வாசித்துவிட்டு விடியப் போகிற நேரத்தில் படுத்த ஆள், முடியைக் கட்டிக்கொண்டு முழங்கை வரை நுரையோடு சோற்றுப் பானையின் அடிப்பிடித்ததைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பானை ஆடியது. என்னைப் பார்த்து "கொஞ்சம் பிடியுங்கள்" என்றார், பிடித்தேன், அவ்வளவுதான் அறிமுகம். ஒருவரும் படம் எடுக்கவில்லை. நம் லயத்தில் சாவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஒருவர் விறகு கொண்டுவருவார், ஒரு வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். அதே வேலைதான் இது என்று அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

பெரிய ஆட்களிலும் இப்படி இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரொக் பாடகர் ஜோன் பொன் ஜோவியும் அவர் மனைவியும் 2011இல் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். அங்கே மெனுவில் விலையே கிடையாது. வசதி உள்ளவர் கொடுப்பார், இல்லாதவர் சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஏதாவது வேலை செய்து கொடுப்பார். 2020இல் கொரோனா வந்தபோது அவரே அங்கே நின்று பாத்திரம் கழுவினார்.

காசு சேர்க்கும் கச்சேரி என்றால் மட்டும் கணக்குக் கேளுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். 1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டதற்காக பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜோர்ஜ் ஹரிசன் நியூயோர்க்கில் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார். வாசலில் வசூலான சுமார் 2,43,000 டொலர் ஐ.நா.வின் சிறுவர் நிதியமான யுனிசெப்புக்குப் போனது. ஆனால் இசைத்தட்டில் வந்த பெரும் பணம் வரிச் சிக்கலில் மாட்டிப் பல வருசம் இழுபட்டது. அவ்வளவு நல்ல மனசு இருந்தும் முன்னேற்பாடு இல்லாததால் வந்த வினை. நானே ஒருமுறை ஊருக்கென்று ஒரு இடத்தில் கொடுத்த காசுக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை, அந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்த செய்தி வந்தபோது என் முகத்தைப் பார்த்தே அந்த டிரம்ஸ்காரர் விசயத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். மூன்று கிழமையில் ஒரு பப்பின் பின் மண்டபத்தில் நான்கு பேண்டுகளைச் சேர்த்தார். பாட்டுக்கு முன்னால் என்னை மேடையேற்றி, லயம் என்றால் என்ன என்று சொல்லச் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று சோக்கால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். இதற்குள் ஒரு குடும்பமா என்று கேட்ட ஒரு பெண், கடைசிவரை அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தார். அடுத்த நாள் காலை வரவு செலவு முழுவதும் ஒரு தாளில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தக் காசு எந்தப் பிள்ளைகளின் பாடசாலைச் சாமானுக்குப் போனது என்பதற்கான ரசீதுகளை நான் ஊருக்கு வந்து வாங்கிப் போய்க் கொடுத்தேன்.

இன்னொன்று, வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நாம் எப்படி என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. 1976இல் இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையிலேயே வெளிநாடுகளிலிருந்து குடிவந்தவர்களுக்கு எதிராகப் பேசினார் (பின்னாளில் அதற்கு அவரே வெட்கப்பட்டார்). அதற்குப் பதிலாகத்தான் இனவாதத்துக்கு எதிரான ரொக் இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30ஆம் திகதி லண்டன் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பெருங்கூட்டம் நடந்தே போனது. அங்கே கிளாஷ் குழுவும், கறுப்பினப் பிள்ளைகளின் ஸ்டீல் பல்ஸ் குழுவும் ஒரே மேடையில் பாடினார்கள். உங்களைக் கூப்பிட்டவர்கள் அந்த வழியில் வந்த பிள்ளைகளாக இருக்கலாம்.

ஞாயிறு காலை கொஞ்சம் முன்னதாகவே போங்கள், வெங்காயம் உரிக்கும் நேரத்தில்தான் பழக்கம் வரும். தப்பு அடிக்கத் தெரியும் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். ஊரிலிருந்து உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் வருகிற வெள்ளிக்குள் எழுதுங்கள், நான் திரும்பும்போது கொண்டுவருகிறேன்.