மணலில் படகைப் புதைக்கும் மகன்

கேள்வி: எனது மகனுக்கு ஏழு வயது. ஆறு மாதங்களுக்கு முன்னர் கடலுக்குப் போன கணவர், இயந்திரம் பழுதாகி இரண்டு நாட்களின் பின்னரே கரை திரும்பினார். அன்று முதல் மகன் இரவில் படுக்கையை நனைக்கிறான். தகப்பன் தொழிலுக்குப் புறப்பட்டால் அழுகிறான். ஆசிரியை கூறியதால் உளவளத்துணையாளரிடம் கூட்டிச் செல்கிறேன். ஐந்து கிழமைகளாக அங்கே மணல் தட்டில் சிறு படகொன்றைப் புதைத்தும் எடுத்தும் விளையாடுகிறான். அவரோ ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இதுவும் வைத்தியமா?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஆம், வைத்தியம்தான். பெரியவர்கள் ஒரு பயத்தைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்வதற்குரிய சொற்கள் ஏழு வயதுப் பிள்ளையிடம் இன்னும் சேரவில்லை என்பதால், அவன் அதைக் கையால் சொல்கிறான். 1920களின் இறுதியிலேயே லண்டனில் மாகரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் மணல் தட்டையும் சிறு பொம்மைகளையும் சிறுவர்களிடம் கொடுத்து, அவர்கள் அமைப்பதைக் கவனித்துச் சிகிச்சை செய்தார். நமக்கு அருகே மட்டக்களப்பில், போர் நடந்துகொண்டிருந்த 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் களிமண், ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியாகவே பிள்ளைகளை அணுகியது.

உண்மையில் நடந்தபோது உங்கள் மகனால் எதுவும் செய்ய முடியவில்லை. மணலிலோ படகு எப்போது மறைய வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கிறான். ஆகவே, ஒரே விளையாட்டு திரும்ப வருவது மட்டும் கவலைக்குரியதன்று. அதில் சிறு மாற்றங்கள் தோன்றுகின்றனவா, படகைத் தேடி இன்னொரு படகு வருகிறதா, கரையில் யாராவது காத்து நிற்கிறார்களா என்பதையே உளவளத்துணையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். பல வாரங்கள் எதுவும் மாறாமல், விளையாடி முடித்த பின்னர் பிள்ளை இன்னும் பதற்றமடைந்தால், அவர் மெதுவாகக் குறுக்கிட்டு வேறு வழியைத் திறந்துவிடுவார். உங்கள் அவதானிப்பை அவரிடம் நேரடியாகக் கூறலாம்.

வீட்டுக்கு வந்ததும் "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று விசாரிக்காதீர்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். அவன் வரையும் படங்களுக்கும் பொருள் தேட வேண்டாம். கறுப்பு நிறத்தைத் தீட்டினால் துக்கம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பெரும்பாலும் பெட்டியில் கைக்கு அகப்பட்ட நிறம் அதுவாகவே இருக்கும்.

படுக்கை நனைவதை மட்டும் மனப் பயம் என்று விட்டுவிடாமல், சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, மலச்சிக்கல் ஆகியவை இல்லையென்பதை வைத்தியசாலையில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதற்காக அவனை ஏசவோ பிறர் முன் கேலி செய்யவோ கூடாது. சாப்பாட்டை மறுத்தாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை உங்கள் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு நாள் கடலில் கிடந்தவர் அவர். அவருடைய நித்திரை எப்படி இருக்கிறது என்பதை உங்கள் கடிதத்தில் காணவில்லை.