அட்வான்ஸ் வரும்வரை சாவியைக் கொடுக்காமல் இருக்கலாமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஓர் அபார்ட்மென்டில் மூன்று வருடம் குடியிருந்தோம். வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 1 லட்சம். கணவருக்குக் கோபியில் வேலை கிடைத்ததால், காலி செய்வதாக முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு மாதம் முன்பு சாமான்களை ஏற்றிவிட்டோம். கட்டிலும் இன்வெர்ட்டரும் மட்டும் அங்கே இருக்கின்றன. பெயிண்டுக்கு 30,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாக வீட்டுக்காரர் சொன்னார். "முழுசாக் குடுங்க, சாவி தர்றோமுங்க" என்று சொல்லிவிட்டோம். என் மாமனாரை மரியாதையில்லாமல் பேசினார். நாங்கள் குடியிருந்தபோதே மாற்றுச் சாவியில் வீட்டுக்குள் வந்திருக்கிறார். இப்போது வாடகை பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: மாமனாரைப் பேசியது தப்பு. 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்காமல் உள்ளே வந்ததும் தப்பு. ஆனால் இவற்றால் உங்கள் அட்வான்ஸ் திரும்பி வராது. சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறது, அது ஒன்றுதான் இங்கே கேள்வி.

சாவியும் கட்டிலும் உங்கள் வசம் இருக்கும்வரை, நீங்கள் கோபியில் குடியிருந்தாலும் சரவணம்பட்டி வீட்டின் சுவாதீனம், அதாவது வீட்டைக் கைவசம் வைத்திருப்பது, உங்களுடையதுதான். 2019 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் இன்னும் சுவாதீனத்தை ஒப்படைக்கவில்லை என்பதால், அந்த ஒரு மாதம் தொடங்கவே இல்லை என்று அவர் வக்கீல் வாதாடுவார். குத்தகை முடிந்தும் வீட்டை விடாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. நான்கு மாதத்துக்கு 96,000. உங்கள் அட்வான்ஸில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பெயிண்ட் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் தவிர, வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு 30,000-ஐக் கேட்டிருந்தால் வலுவான வழக்கு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாதே என்று இப்போது கிளம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதியிருந்தால் அந்த வாதம் நிற்காது.

இந்த இடத்தில்தான் வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் அடுத்த தப்பைச் செய்வார்கள். பயந்துபோய் சாவியை வாட்ச்மேனிடமோ மேல்வீட்டுக்காரரிடமோ கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வாட்ச்மேன் மாறியிருப்பார், "எனக்குச் சாவியே வரவில்லை" என்பார் வீட்டுக்காரர். கொடுத்த தேதிக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இன்னும் சிலர் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு பீரோவை உள்ளே பூட்டி வைத்திருப்பார்கள். அதுவும் காலி செய்ததாகாது. இரண்டு சாவி வாங்கியிருந்தால் இரண்டும் போக வேண்டும்.

ஆகவே வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போங்கள். இந்த வாரமே கட்டிலையும் இன்வெர்ட்டரையும் எடுங்கள். சுவரையும் ஈ.பி. மீட்டரையும் வீடியோ எடுத்து வையுங்கள். அவர் முதலில் சொன்ன 70,000 இன்று கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 60,000 என்றாலும் நான் சம்மதிக்கச் சொல்வேன். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் சாவி, கூடவே இனி இருவருக்கும் பாக்கியில்லை என்று இருவர் கையெழுத்தோடு ஒரு ரசீது.

அவர் இறங்கி வரவில்லையென்றால், பணம் வராவிட்டாலும் சாவியைக் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மறுத்ததைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, உங்கள் வக்கீல் மூலம் மனுக் கொடுங்கள். வந்த நோட்டீஸுக்குப் பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். சாவி தரத் தயார் என்பதை அந்தப் பதிலின் முதல் பத்தியிலேயே உங்கள் வக்கீல் எழுதட்டும்.