ஷூ ஒட்டும் சொல்யூஷனும் மரத்துப்போகும் பாதங்களும்

பேரணாம்பட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “என் மனைவியும் அம்மாவும் வீட்டிலேயே ஷூ அப்பர்களை (ஷூவின் மேல்பகுதிகளை) ஒட்டி, மடித்து, தைத்துக் கொடுக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் டின்னில் சொல்யூஷன் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலமானால் இருவருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு. அம்மாவுக்குச் சில வாரங்களாகப் பாதங்கள் மரத்துப்போகின்றன. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறார், வயதாகிவிட்டது என்கிறார். எந்த முகக்கவசம் வாங்கலாம்? எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா? கையில் ஒட்டியதைத் தின்னரால் துடைக்கலாமா? காலி டின்னை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?”

முகக்கவசம் பிறகு. முதலில் அம்மாவின் பாதங்கள்.

தலைவலியும் கிறுகிறுப்பும் அன்றன்றைக்கு வருபவை. வெளிக்காற்றில் உட்கார்ந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். பாதம் மரத்து, செருப்பு கழல்வதே தெரியாமல் போவது வேறு வகை. அவரை இன்றைக்கே சொல்யூஷன் பக்கத்திலிருந்து எழுப்பிவிடுங்கள். வயது, சர்க்கரை நோய், பி12 குறைபாடு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றையும் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் பசை வேலை செய்யும் ஒருவருக்கு இந்த அறிகுறி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹெக்சேனைத்தான்.

ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கரைப்பான். மலிவு, சீக்கிரம் உலரும். அதனால் ரப்பர் பசைகளில் சேர்க்கிறார்கள். மூச்சு வழியே உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. நரம்பைத் தாக்குவது இதுதான். உடலிலேயே நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்குகின்றன. அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. பிறகு கெண்டைக்கால், கை விரல்கள், கடைசியில் கால் தூக்கி நடக்கமுடியாத பலவீனம். 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தபடி செருப்புக்குப் பசை ஒட்டியவர்களிடம் இந்த நரம்புநோய் கூட்டமாகத் தென்பட்டது. இத்தாலியக் காலணித் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். ஆகவே புதிய நோய் இல்லை. நம் ஊர்க்காரர்களின் காதுக்கு வராத பழைய நோய்.

டின்னில் ஹெக்சேன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கை நம்ப வேண்டாம். ஹெக்சேனின் வாடை மென்மையானது. பக்கத்தில் டொலுயீன் என்ற இன்னொரு பசைக் கரைப்பான் இருந்தால் அந்த வாடைதான் தூக்கலாகத் தெரியும். தினமும் முகர்கிற மூக்கு எதற்கும் பழகிவிடும். ஒப்பந்தக்காரரிடம் அந்தப் பசையின் பாதுகாப்புத் தரவுத் தாளை (Safety Data Sheet, SDS) கேளுங்கள். மொத்தம் 16 பகுதிகள் இருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது, பசையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் மூன்றாம் பகுதி. பெயர்கள் புரியாவிட்டால் அந்தந்த ரசாயனத்துக்கான CAS எண்களைத் தேடுங்கள்: 110-54-3 என்றால் ஹெக்சேன், 108-88-3 என்றால் டொலுயீன், 71-43-2 என்றால் பென்சீன் என்ற மற்றொரு கரைப்பான். இந்த எண்கள் எந்த நாட்டுத் தாளிலும் மாறாது. ‘டொலுயீன் இல்லாதது’ என்று டின்னில் அச்சிட்டிருந்தால் அதோடு திருப்தி அடையாதீர்கள். டொலுயீனுக்குப் பதில் ஹெக்சேன் போட்டிருக்கலாம். மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் சேர்ந்திருந்தால் மோசம். அது தனியாக நரம்பை இப்படிக் கெடுப்பதில்லை. ஹெக்சேனோடு சேர்ந்தால் அதன் வேகத்தைக் கூட்டிவிடும்.

எவ்வளவு பசைக்கு எவ்வளவு ஆவி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லி ஹெக்சேன் முழுவதும் ஆவியானால் சுமார் 18 லிட்டர் ஆவி வரும். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 28,000 லிட்டர். கதவு, ஜன்னல் சாத்தியிருந்தால் காற்றில் பத்து லட்சத்துக்கு 650 பங்கு ஹெக்சேன். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் பரிந்துரைக்கும் வரம்பு 50 பங்கு. திறந்த வீட்டில் இவ்வளவு சேராதுதான். ஆனால் பசைக் கிண்ணத்தின் மேல் குனிந்திருப்பவரின் மூக்கருகே அறையின் சராசரியை விட அதிகமாகவே இருக்கும்.

அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன் கேள்வி. ஹெக்சேன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம். தண்ணீர் மாதிரி தரையோடு பரவி, மூலையில் தங்கும். உங்கள் வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்துதானே வேலை செய்கிறார்கள்? கூரையை ஒட்டிப் பொருத்திய ஃபேன், தலைக்கு மேலிருக்கும் நல்ல காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சீலிங் ஃபேன் ஆவியை வீடு முழுக்கக் கலக்கிவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்து, காற்று உங்களைக் கடந்து எதிரே திறந்திருக்கும் வாசலை நோக்கிப் போகும்படி செய்யுங்கள். தரையை விட்டு மேசைக்கு மாறுவது இன்னும் நல்லது. திண்ணையோ நிழலான முற்றமோ இருந்தால் ஒட்டும் வேலையை அங்கே கொண்டுபோய்விடுங்கள். தையல் மட்டும் உள்ளே நடக்கட்டும்.

பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. பசை பூசிய துண்டுகளைப் பதம் வரும்வரை சில நிமிடம் ஆறப்போடுவார்கள் அல்லவா, ஆவி பெருமளவு கிளம்புவது அப்போதுதான். அந்தத் துண்டுகளைத் தங்களைச் சுற்றியே பரப்பிக்கொள்வது வழக்கம். ஒரு தட்டில் அடுக்கி வெளியே வையுங்கள். இதற்குக் காசு செலவே இல்லை. ஆனால் விலை உயர்ந்த முகக்கவசத்தை விட இது அதிகம் உதவும் என்பது என் கருத்து. பசைக் கிண்ணமும் வாய் குறுகியதாக, மூடியோடு இருக்கட்டும். கத்திரி வெயில் நாட்களில், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ப் பக்கத்து மதியத்தில், பசை இன்னும் வேகமாக ஆவியாகும். ஒட்டும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இனி முகக்கவசம். துணிக்கவசமும் என்95-ம் தூசியைத் தடுக்கும். ஆவி இரண்டையும் தாண்டி உள்ளே வரும். கரைப்பான் போன்ற கரிம ஆவிகளை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் குப்பி) பொருத்திய ரப்பர் கவசம்தான் பயன்படும். அதுவும் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும், கார்ட்ரிட்ஜை அவ்வப்போது மாற்றவேண்டும், வேலை முடிந்ததும் காற்றுப் புகாமல் மூடி வைக்கவேண்டும். மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யாரும் உட்கார மாட்டார்கள். எனவே அதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறேன்.

தீ விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். மைனஸ் 22 டிகிரியிலேயே தீப்பிடிக்கத் தக்க ஆவியைத் தரும் திரவம் ஹெக்சேன். ஆவி தரையோடு ஊர்ந்து, அடுத்த அறையின் அடுப்பைத் தொட்டு, நெருப்போடு திரும்பி வரும். சாமி விளக்கு, ஊதுபத்தி, மின்வெட்டுக்கு ஏற்றும் மெழுகுவர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து புகைக்கப்படும் பீடி, படபடவென்று பொறி பறக்கும் கொசு பேட் எல்லாமே ஆபத்து. டின்னைச் சமையலறையில் வைக்காதீர்கள். குழந்தைகளை அந்த அறைத் தரையில் தூங்கவிடாதீர்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ மிதந்து பரவும். ஒரு வாளி மணல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கையைத் தின்னரால் துடைக்க வேண்டாம், பெட்ரோலாலும் வேண்டாம். சருமத்தின் எண்ணெய்ப் பசை போய்த் தோலில் வெடிப்பு விழும்; கரைப்பான் தோல் வழியாகவும் உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுச் சோப்பால் கழுவினால் பெரும்பாலும் வந்துவிடும். தின்னரைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். உங்கள் மனைவி கர்ப்பமாக இருந்தாலோ அதற்கான எண்ணம் இருந்தாலோ அவரும் ஒட்டும் வேலையிலிருந்து விலகுவது நல்லது.

தோல் தொழிலின் கேடு என்றாலே இந்தப் பக்கத்தில் பாலாறுதான் பேச்சில் வரும். 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு தோல் ஆலைகளின் கழிவுநீர் பற்றி எல்லோரும் பேசினார்கள். வீட்டுத் தரையில் தேங்கும் ஆவியை அளக்க இன்றுவரை யாரும் வருவதில்லை. அதனால் நீங்களே கேட்கவேண்டியிருக்கிறது: ஹெக்சேன் இல்லாத பசை, முடிந்தால் கரைப்பானுக்குப் பதில் நீரை வைத்துத் தயாரித்த பசை வேண்டும் என்று. நீர்ப் பசை உலர நேரம் பிடிக்கும். துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது நஷ்டம். கூலியைப் பற்றியும் அதே மூச்சில் பேசிவிடுங்கள். பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் ஒப்பந்தக்காரர் காது கொடுப்பார்.

காலி டின் வேண்டாம். அடியில் ஒட்டிய பசை காய்ந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். வெட்டினாலோ சூடாக்கினாலோ வெடிக்கக்கூடும். மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவை வேலூர் சி.எம்.சி. போன்று நரம்பியல் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது டின்னின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் பாதிப்பின் அளவு தெரியும். வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட, மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். அதன் பிறகே மெல்லத் திரும்பும். ‘நிறுத்தியும் குறையவில்லையே, அப்படியானால் பசை காரணமில்லை’ என்று அவர் மறுபடி பாயில் உட்கார்ந்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.